கொழுப்புக் கட்டி உருகும் ஊரில்

மார்கழி பிறந்தால் ராஜபாளையத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோகும். தலைக்கு வைக்கக் கவிழ்த்தால் வராது. கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். அது உறைவதும் இளகுவதும் 24 டிகிரியை ஒட்டித்தான். இந்த ஊரின் குளிர் விடியற்காலையில் வந்து எட்டரை, ஒன்பது மணிக்குப் போய்விடுகிறது என்பதை அந்த பாட்டிலே சொல்லிவிடும். பறவைகளுக்கு வீட்டிலேயே மலிவாகக் கொழுப்புக் கட்டி செய்து தொங்கவிடலாமா என்று கேட்பவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

கொழுப்புக் கட்டி குளிர் நாட்டுச் சமாசாரம். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்திருக்கும் கெட்டிக் கொழுப்பை உருக்கி, தானியமும் கடலையும் கலந்து, அச்சில் ஊற்றி உறையவைத்து, கம்பி வலைக்குள் போட்டு மரத்தில் மாட்டுவார்கள். பிரிட்டனில் பாதித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தொங்கவிடுவதும் உண்டு. அங்கே தோட்டத்துக்கு வரும் நீலப் பட்டாணிக்குருவியின் எடை 11 கிராம்தான். பனிக்கால இரவு 16 மணி நேரம் நீளும். அவ்வளவு நேரமும் உடம்பிலுள்ள கொழுப்பை எரித்துத்தான் அது சூடு காக்க வேண்டும். விடியும்போது எடையில் பத்தில் ஒரு பங்கு வரை கரைந்திருக்கும். பூச்சியெல்லாம் பட்டைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒடுங்கிவிட்ட காலம் அது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9. பகல் எட்டு மணி நேரத்துக்குள் வயிற்றை நிரப்பியாக வேண்டிய குருவிக்குக் கொழுப்பை வைப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இங்கே மார்கழியிலும் இரவு பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கும். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், வயலில் கதிர் முற்றும், வேலியெல்லாம் பச்சை. புழுவுக்கும் பூச்சிக்கும் குறைவே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலங்களில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிறதே, இந்த மண் பறவைகளுக்குப் போடும் கொழுப்புக் கட்டி அதுதான். ஈசலின் உடம்பில் கொழுப்பு மிகுதி. அதனால்தான் நம் கிராமங்களில் அதைப் பிடித்துச் சிறகு போக்கி வறுத்து, பொரி அரிசியோடு தின்றார்கள். காக்கை, மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி எல்லாம் அன்று ஒரே இடத்தில் கூடும். அந்த நேரத்தில் வாசல் விளக்கை அணைத்துவைத்தால் ஈசல் வீட்டுக்குள் வந்து வீணாகச் சாகாது. கரையான் மருந்தைக் கட்டடத்தின் அஸ்திவாரத்தோடு நிறுத்திக்கொண்டு, தோட்டத்துப் புற்றை விட்டுவைப்பது செலவில்லாத பறவைத் தீனி.

குளிர்கால விருந்தாளிகளின் கதை வேறு. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து இறங்கும் ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் பழுப்பு ஈப்பிடிப்பானும் நாம் வைக்கும் தட்டை ஏறெடுத்தும் பார்க்காது. மூன்றுமே பூச்சி தின்பவை. முதல் இரண்டும் நிழலான இடத்தில் சருகைக் கிளறி இரை தேடும். மாமரத்தடியில் விழும் இலையை அன்றாடம் கூட்டி அள்ளித் தீ வைக்கும் வீட்டில் இவற்றுக்கு வேலையே இல்லை. மரத்தடியில் பத்துக்குப் பத்தடி இடத்தைக் கூட்டாமல் விட்டுப் பாருங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா உருண்டைகளையும் விட அந்தச் சருகுக்குத்தான் நல்ல பறவைகள் வரும். மத்திய ஆசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும் சோளப்பட்சிக்கு நம் தயவே தேவையில்லை. பெயரிலேயே அதன் சாப்பாடு இருக்கிறது.

அப்படியானால் நம் பறவைகளுக்கு எப்போதுதான் கஷ்டம்? மாசி கடைசியில் ஆரம்பித்துச் சித்திரை, வைகாசி வரை. வெயில் 37, 38 டிகிரியைத் தொடும். கண்மாய் வெடித்துக் கிடக்கும். அடிகுழாயைச் சுற்றி எப்போதும் ஈரமாக இருந்த சிறு குட்டை, இப்போது சிமென்ட் தளம் போட்டதால் அதுவும் போயிற்று. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பழுத்தால் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் கொண்டாட்டம். அதுவரை உள்ள மூன்று மாதம்தான் நமக்குப் ‘பனிக்காலம்’. அதனால் தண்ணீரை முதலில் சொல்லிவிட்டுத்தான் தீனிக்குப் போக வேண்டும்.

தண்ணீர்

குயவரிடம் வாயகன்ற மண் தட்டு ஒன்று வாங்குங்கள். செடித் தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு போதும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான வாளியிலும் சிமென்ட் தொட்டியிலும் சிட்டுக்குருவியும் அணிலும் விழுந்து சாவது சாதாரணமாக நடக்கிறது. ஏற்கெனவே ஆழமான தொட்டி இருந்தால் அதில் ஒரு கருங்கல்லையோ சாய்த்த ஓட்டையோ போட்டுவைத்தால் விழுந்தது ஏறி வந்துவிடும். சுட்ட மண் தட்டு கசிந்து கசிந்து தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். எவர்சில்வர் தட்டும் பிளாஸ்டிக்கும் பங்குனி வெயிலில் அரை மணியில் கொதிக்கும்.

தட்டை நிழலில் வையுங்கள். ஆனால் அடர்ந்த புதரை ஒட்டி வைக்கக் கூடாது, பூனை அங்கேதான் பதுங்கும். புதரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வைத்தால், பறவை பாய்ந்து ஒளியவும் இடம் இருக்கும், பூனை வருவதும் தெரியும். ராஜபாளையம் நாய் வளர்க்கிற வீடு என்றால் தரையில் வைக்கவே வேண்டாம். ஓடுவதைக் கண்டால் பாய்வதற்கென்றே வளர்ந்த இனம் அது. அதனிடம் புள்ளிப்புறாவைப் பற்றி எடுத்துச்சொல்ல முடியாது. நெஞ்சளவு உயரத்தில் கல்தூணோ சுவரோ பார்த்து வையுங்கள்.

தினமும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளும். தினம் மாற்றும் தட்டில் அது வளர வழியில்லை. ஆனால் முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் இருமுறை தேங்காய் நாரால் விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். ‘தண்ணி வச்சா கொசு வருது’ என்று பக்கத்து வீட்டில் சொன்னால் அவர்கள் சொல்வது பொய்யல்ல. கழுவாத தட்டில் நிச்சயம் வரும்.

குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று என்று இரண்டு தட்டு வைக்க முடிந்தால் நல்லது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து ஒரே தட்டில் குளித்துவிட்டுப் போனால் மிச்சம் சேறுதான்.

தேங்காய்

கொழுப்பு உருகாமல் இருக்க வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கேட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்காரர்களுக்கு விடை தேங்காய்தான். சேத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரை தோப்பு இருக்கிறது. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, கொப்பரையில் பாதிக்கும் மேல். பருப்பின் நாருக்குள் அடங்கிக்கிடப்பதால் 38 டிகிரியிலும் அந்த எண்ணெய் சொட்டாது. வெளிநாட்டுக்காரர்கள் சிரட்டையை எடுத்துக்கொண்டு பருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொழுப்பை ஊற்றுகிறார்கள். நாம் பருப்போடு தொங்கவிட்டால் வேலை முடிந்தது.

உடைத்த மூடியில் முழுப் பருப்பையும் விட்டுவைக்கத் தேவையில்லை. சட்னிக்குத் துருவியது போக, ஓட்டோடு ஒட்டிய கால் அங்குலம் மிச்சம் இருந்தாலே போதும். கண் உள்ள மூடி இன்னும் வசதி. மெல்லிய கண்ணைக் குத்திக் கயிறு கோத்துவிடலாம். மழை பெய்தால் தண்ணீர் தேங்காதபடி வாய் சாய்ந்தவாறு கட்டுங்கள். கொண்டைக்குருவி, மைனா, தோப்பை ஒட்டிய வீடென்றால் வால்காக்கை இவையெல்லாம் வந்து கொத்தும். அணில் வந்தே தீரும். வெயில் காலத்தில் பச்சைத் தேங்காய் ஒரே நாளில் பிசுபிசுத்துப் புளித்துவிடும். காலையில் கட்டியதைச் சாயங்காலம் அவிழ்த்துவிட வேண்டும். பாக்கெட்டில் வரும் காய்ந்த தேங்காய்த் துருவலை மட்டும் அப்படியே போடாதீர்கள். குருவியின் வயிற்றுக்குள் போய் ஊறி உப்பிவிடும்.

கம்பு–கடலை உருண்டை

கட்டியாகத்தான் வேண்டும், அச்சில் பிடித்துக் குழந்தைகள் கையால் தொங்கவிட வேண்டும் என்றால் நிலக்கடலையை வைத்துச் செய்யலாம். நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். உப்புப் போடாத கடலையை லேசாக வறுத்துத் தோல் நீக்கி, அம்மியிலோ மிக்சியிலோ எண்ணெய் கசிந்து விழுதாகும் வரை அரையுங்கள். ஒரு டம்ளர் கடலைக்கு இரண்டு டம்ளர் கரகரப்பான கம்பு மாவு. கூடவே கால் டம்ளர் தினை அல்லது குதிரைவாலி, கால் டம்ளர் நொய். நொய்யைக் கழுவி அரை வேக்காடாக வேகவைத்துத் தண்ணீரை ஒட்ட வடித்துக்கொள்ளுங்கள். மிகக் கனிந்த நாட்டுவாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து சேர்த்தால் எல்லாம் ஒன்றோடு ஒன்று பிடிக்கும். பிசைந்த மாவு கையில் ஒட்டாமல் உருள வேண்டும். ஒட்டினால் இன்னும் கொஞ்சம் கம்பு மாவு, உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் கடலை விழுது.

எலுமிச்சங்காய் அளவு உருட்டுங்கள், அல்லது காய்ந்த சிரட்டைக்குள் அழுத்தி அடையுங்கள். பழமும் நொய்யும் சேர்ந்ததால் வெளியில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது, ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும். பழமும் நொய்யும் விட்டுவிட்டுக் கடலையும் கம்பும் மட்டும் பிடித்தால் ஒரு வாரம் வரும், ஆனால் சீக்கிரம் உதிரும். இரண்டில் எது வசதியோ அது. கால் கிலோ கடலையும் அரைக் கிலோ கம்பும் வாங்கினால் சிறிய தோட்டத்துக்கு ஒரு வாரம் ஓடும். செலவு இரண்டு டீ, இரண்டு வடைக்குப் பக்கத்தில் நிற்கும்.

கடலை வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையின் விஷத்துக்குத்தான் பிறகு அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாது. சுருங்கிய கடலை, கறுத்த கடலை, வாயில் போட்டால் கசக்கிற கடலை எதுவும் வேண்டாம். செக்கில் மலிவாகக் கிடைக்கும் புண்ணாக்கும் அப்படித்தான். அன்று ஆட்டியது என்றால் சரி, மூலையில் மூட்டையாகக் கிடந்தது என்றால் விட்டுவிடுங்கள்.

ஆட்டுக் கொழுப்பு, மார்கழிக்கு மட்டும்

அசைவ வீடுகளில் சிலர் கொழுப்பு வைத்துப் பார்க்காமல் விட மாட்டார்கள். தடுப்பதை விடச் சரியாகச் செய்யச் சொல்லிக்கொடுப்பது மேல்.

கறிக்கடையில் ‘குண்டிக்காயைச் சுத்தி இருக்கிற கொழுப்பு’ என்று கேளுங்கள். செம்மறியாட்டுக் கொழுப்புதான் கெட்டியாக உறையும். பொடியாக நறுக்கி, கனமான இரும்புச் சட்டியில் அரை டம்ளர் தண்ணீரோடு சிறு தீயில் வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வற்றிக் கொழுப்பு பிரியும். துணியில் வடித்து ஆறவைத்து, இன்னொரு முறை உருக்கி வடித்தால் இன்னும் கெட்டிப்படும். உப்பு, மஞ்சள், எதுவும் சேர்க்கக் கூடாது. ஒரு பங்கு கொழுப்புக்கு மூன்று பங்கு கம்பு மாவும் பொடித்த கடலையும் கலந்து சிரட்டையில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவு குறைந்தால் கட்டி இளகும். இங்கே மாவுதான் முதல், கொழுப்பு ஒட்டவைக்க மட்டுமே.

மார்கழியிலும் தை முதல் பாதியிலும், விடியற்காலையில் தொங்கவிட்டு ஒன்பது மணிக்கு எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் ஏறும், எறும்பும் ஏறும். ஒரு சோதனை சொல்கிறேன். கட்டியில் சிறு துண்டைப் பழைய செய்தித்தாள் மேல் வைத்து மதியம் நிழலில் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளில் எண்ணெய்க் கறை பரவினால் அந்தக் கட்டியைத் தொங்கவிடாதீர்கள். கசிகிற கொழுப்பு இறகில் அப்பினால் இறகு தண்ணீரைத் தள்ளாது, சூட்டையும் காக்காது. அலகைச் சுற்றி அப்பியதைப் பறவையால் துடைத்துக்கொள்ளவும் முடியாது. மாசிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். பல பறவைகள் அடைகாக்கும் காலம் அது. வயிற்று இறகில் ஒட்டிய எண்ணெய் முட்டை ஓட்டின் நுண்துளைகளை அடைத்தால் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும்.

ஆட்டுக் கொழுப்புக்குப் பதில் வனஸ்பதி போடலாமா என்றால், நம் நாட்டு விதிப்படி அது 31 முதல் 41 டிகிரிக்குள் உருகக்கூடியதாக இருக்க வேண்டும். மனிதர் வாயில் இளகுவதற்கென்றே அந்தக் கணக்கு. சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வடை சுட்ட எண்ணெயைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அப்படியே சிரமப்பட்டுச் செய்தாலும் யார் வருகிறார்கள்? காக்கை வரும். மைனா வரும். அதிர்ஷ்டம் இருந்தால் பொன்முதுகு மரங்கொத்தி தொட்டுப் பார்க்கும். குளிர் நாட்டில் கொழுப்புக் கட்டிக்கு வருகிற பட்டாணிக்குருவியின் உறவுக்காரன் நம் மலையிலும் உண்டு. ஆனால் பச்சைப் புழு கிடைக்கிற காட்டை விட்டு உங்கள் வாசலுக்கு வர அதற்குக் காரணம் இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஆட்டுக் கொழுப்பு வேலைக்குத் தண்ணீர்த் தட்டைத் தினம் கழுவலாம்.

சும்மா கிடைக்கிற தீனி

சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் தானியம் போதும். அரிசி ஆலையில் குருணை கேட்டு வாங்கலாம். கம்பு, தினை, உடைத்த சோளம் எதுவும் சரி. முன்பு அறுவடையானதும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டுவார்கள். இப்போதும் தை மாதத்தில் வயல்காரரிடம் ஒரு கை கதிர் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார். சிட்டுக்குருவி தலைகீழாகத் தொங்கிக்கூடக் கொறிக்கும். மைனாவுக்கும் காக்கைக்கும் அந்த வித்தை வராது. ஆகவே சிறியவற்றுக்கென்று ஒதுக்கிய சாப்பாடு அதுவே. ஆனால் சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குத் தானியம் ஊட்டாது, புழுவைத்தான் ஊட்டும். செடிக்கு மருந்தடித்துவிட்டுக் கம்பு வைத்தால் பெரிசுகள் பிழைக்கும், குஞ்சு பிழைக்காது.

பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கும் வீடுகளில், மஞ்சள் இலையில் மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, தயிர்ச் சோறு என்று உருட்டி மொட்டைமாடியில் வைப்பார்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காத வீடு இன்றும் குறைவு. நமக்குப் பழக்கமில்லாத காரியம் எதையும் இந்த அத்தியாயம் சொல்லவில்லை. அந்தச் சோற்றில் உப்பையும் நெய்யையும் குறைத்துக்கொண்டால் எந்தப் பறவைக்கும் ஆகும்.

ஆகாதவை சில உண்டு. சாத்தூர் காராச்சேவு மிச்சம், மிக்சர் தூள், ஊறுகாய் பட்ட சோறு இவற்றில் உள்ள உப்பு சின்னப் பறவைக்கு நஞ்சு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பறவைக்குக் கிடையாது. எல்லாவற்றையும் விட அபாயம் ஒன்று உண்டு. மக்காச்சோளம் விதைத்தது போக மிஞ்சிய விதையைக் குருவிக்கு என்று இறைப்பது. ரோஸ், பச்சை என்று சாயம் ஏறிய விதை பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மருந்தேற்றிய விதை. கழுவினாலும் போகாது. அதை மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

கிளிக்குக் கொய்யாவும் சூரியகாந்தி விதையும் பிடிக்கும். ஆண்டாள் கையில் இலையாலும் மாதுளம்பூவாலும் நாள்தோறும் புதிதாகக் கிளி கட்டி வைக்கிற ஊரில், கம்பிக் கூண்டுக்குள் உயிர்க்கிளி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மரம் வைக்க இடமிருந்தால் எந்த உருண்டையும் தேவையில்லை. கறிவேப்பிலையைப் பழுக்க விடுங்கள், குயிலும் கொண்டைக்குருவியும் அந்தக் கறுப்புப் பழத்துக்கு அடித்துக்கொள்ளும். தேன்பழ மரம் இரண்டே வருஷத்தில் நிழலும் பழமும் தரும். முருங்கைப் பூவுக்கும் செம்பருத்திக்கும் தேன்சிட்டு வரும்.

வைக்கும் நேரம், வரும் தொல்லைகள்

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற அளவு போதும். இரவு மிஞ்சினால் எலி வரும். எலியைத் தேடிச் சாரை வரும், நல்லதும் வரும்.

காக்கையை விரட்டாதீர்கள், வேறு இடத்தில் சோறு போடுங்கள். அதன் பங்கை மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் முதலில் வைத்துவிட்டு, கால் மணி கழித்துக் கீழே தானியத் தட்டை வைத்தால் சின்னவை நிம்மதியாகத் தின்னும். அதுவும் போதவில்லை என்றால் ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைக் கூடை போல வளைத்துத் தட்டின் மேல் கவிழ்த்துவிடுங்கள். சிட்டுக்குருவி நுழையும், காக்கை நுழையாது. அணிலுக்கு இது எதுவும் பொருட்டே அல்ல. அதற்கும் சேர்த்தே உருட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

தட்டில் எச்சம் சேர்ந்தால் நோய் சேரும். 2005-க்குப் பிறகு பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் போன்ற தோட்டப் பறவைகள் ஏராளமாக மடிந்தன. தீனித் தட்டுகளிலும் தண்ணீர்த் தட்டுகளிலும் எச்சில் வழியாகப் பரவிய ஓரணு ஒட்டுண்ணிதான் காரணம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பக்கத்தில் போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையை உங்கள் தட்டருகே கண்டால் தீனியை இரண்டு வாரம் நிறுத்துங்கள். தட்டைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள்.

செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பக்கம் மலையடிவாரத்தில் வீடோ தோப்போ உள்ளவர்களுக்கு மட்டும் வேறு ஆலோசனை. தீனி எதுவும் வைக்காதீர்கள். முதலில் குரங்கு வரும், அடுத்த நாள் அடுக்களைக்குள் இருக்கும். சாம்பல் நிற மலை அணிலுக்கென்று 1988-ல் சரணாலயமாக அறிவித்து, 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கிய காடு அது. அங்குள்ளவை நம் கையை எதிர்பார்க்கப் பழகினால் கெடுதல் அவற்றுக்கே. காட்டுக்குள் போகும்போது வண்டியை நிறுத்திப் பழம் வீசுவதும் சட்டப்படி தவறு. ஓரத்தில் உள்ள வீட்டுக்குச் சருகும் பழமரமும் போதும்.

ஊருக்குள் தொல்லை மாடப்புறா. அடுக்குமாடியிலும் மில் குடியிருப்பிலும் ஒருவர் கோதுமை இறைக்க ஆரம்பித்தால் ஐம்பது புறா சேர்ந்து, எச்சத்தால் எல்லார் துணியும் பாழாகும், சண்டையும் வரும். அப்படிக் கூட்டம் சேர்ந்துவிட்டால் தானியத்தை முழுதாக நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் வையுங்கள். கலைந்த பிறகு மறுபடி தொடங்கும்போது கோதுமைக்கும் சோளத்துக்கும் பதில் தினையோ சாமையோ, அதையும் தரையில் இறைக்காமல், கம்பி வலைக்குள் ஒரு கைப்பிடி.